பத்திரம் பேசாமல் விட்டது: காப்புறுதிக்குள் ஒளிந்திருந்த இணைய அபாயம்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. இங்கிலாந்தில் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகம். அந்த நாட்டில் வீடு வாங்குவோரும் விற்போரும் பணத்தை நேரடியாகக் கைமாற்றிக்கொள்வதில்லை. இரு தரப்பு வழக்கறிஞர்களின் வங்கிக் கணக்குகள் வழியாகவே பணம் போகும். அன்று ஒரு மூதாட்டி தம் வீட்டை விற்று முடித்திருக்கிறார். விற்ற பணம் 240,000 பவுண்டு அவருடைய வழக்கறிஞரின் கணக்கிற்கு வந்துவிட்டது. அதை மூதாட்டியின் கணக்கிற்கு அனுப்புவது மட்டுமே பாக்கி.

அந்த நேரத்தில் மூதாட்டியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. "என் வங்கிக் கணக்கை மாற்றிவிட்டேன். பணத்தை இந்தப் புதிய எண்ணுக்கு அனுப்புங்கள்." வார இறுதி நெருங்கும் அவசரத்தில், அலுவலக உதவியாளர் அப்படியே செய்கிறார். திங்கட்கிழமை காலையில் மூதாட்டி தொலைபேசியில் அழைக்கிறார். "பணம் இன்னும் வரவில்லையே?"

அந்த மின்னஞ்சலை அவர் அனுப்பவில்லை. அலுவலகத்தின் மின்னஞ்சலுக்குள் ஊடுருவிய யாரோ, எந்த நாளில் எவ்வளவு பணம் கைமாறப் போகிறது என்பதைப் பல நாள்கள் காத்திருந்து தெரிந்துகொண்டு அனுப்பியது அது. பணம் பல கணக்குகளுக்குச் சிதறி மறைந்துவிட்டது.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படிப்பட்ட சம்பவங்கள் இங்கிலாந்தில் பல நடந்திருக்கின்றன. வீடு கைமாறும் வேலைகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில் முடிவதால், இதற்கு 'வெள்ளிக்கிழமைப் பிற்பகல் மோசடி' என்று பெயரே வந்துவிட்டது.

மூதாட்டியின் பணத்தை வழக்கறிஞர்தான் திருப்பித் தரவேண்டும். ஆனால் ஒரு சிறிய அலுவலகத்திடம் 240,000 பவுண்டு ஏது? அவர் தம் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கிறார். அதில் 'கணினி', 'மின்னஞ்சல்', 'இணையத் தாக்குதல்' ஆகிய சொற்கள் எங்குமே இல்லை. இந்த இழப்பைத் தருவோம் என்றும் இல்லை. தரமாட்டோம் என்றும் இல்லை.

அப்படியானால் பணம் கிடைக்குமா, கிடைக்காதா?

காப்புறுதி உலகம் பல ஆண்டுகள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி இது. இதற்கு 'மௌன இணைய அபாயம்' என்று பெயர். இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சட்டமும் கொஞ்சம் நிகழ்தகவுக் கணக்கும் போதும்.

தொழில் தெரிந்தவரின் தவறு

வீட்டுக்குத் தீக் காப்புறுதி உண்டு, காருக்கு விபத்துக் காப்புறுதி உண்டு. அதேபோல மருத்துவர், கட்டடக் கலைஞர், கணக்காய்வாளர், வழக்கறிஞர் போன்றோருக்கும் தனியாக ஒரு காப்புறுதி உண்டு. அதைத் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி என்கிறோம். தொழிலில் அவர்கள் செய்யும் தவறால் வாடிக்கையாளருக்கு இழப்பு ஏற்பட்டால், அந்த இழப்பீட்டைக் காப்புறுதி நிறுவனம் கொடுக்கும்.

சந்தா கட்டுபவர் வழக்கறிஞர். ஆனால் உண்மையில் பாதுகாப்புப் பெறுபவர் அவரிடம் வந்த வாடிக்கையாளர். அதனால்தான் பல நாடுகளில் இது கட்டாயம். மலேசியாவில் இந்தக் காப்புறுதி இல்லாமல் ஒரு வழக்கறிஞர் தம் ஆண்டுச் சான்றிதழைப் பெற்றுத் தொழில் நடத்த முடியாது. இங்கிலாந்தில் ஒவ்வொரு வழக்கறிஞர் நிறுவனமும், அதன் அமைப்பைப் பொறுத்து, ஒரு கோரிக்கைக்குக் குறைந்தது 2 மில்லியன் அல்லது 3 மில்லியன் பவுண்டுக்குக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும்.

காப்புறுதிப் பத்திரத்தை இரண்டு விதமாக எழுதலாம். பள்ளி விதியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதல் விதம்: "புத்தகம், எழுதுகோல், உணவு, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை மட்டும் பள்ளிக்குக் கொண்டுவரலாம்." இந்தப் பட்டியலில் இல்லாத எதற்கும் அனுமதி இல்லை.

இரண்டாம் விதம்: "பட்டாசு, கத்தி, சீட்டுக்கட்டு தவிர எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம்." இந்த விதி 1985இல் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரு மாணவர் திறன்பேசியோடு வருகிறார். ஆசிரியர் தடுக்கிறார். மாணவர் கேட்கிறார்: "விதியில் தடை இல்லையே, ஐயா?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விதியை எழுதியவர் திறன்பேசியைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். ஆனால் அவர் எழுதிய சொற்கள் அதை உள்ளே விட்டுவிட்டன.

வழக்கறிஞர்களின் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. "தொழில் செய்யும்போது வாடிக்கையாளருக்கு ஏற்படும் இழப்புக்குச் சட்டப்படி நீங்கள் பொறுப்பானால், நாங்கள் கொடுப்போம்" என்பதே அதன் சாரம். கோப்பு தொலைந்ததா, தேதி தவறியதா, மின்னஞ்சலில் ஏமாந்ததா என்று அது காரணம் கேட்பதில்லை. விலக்கு என்று வெளிப்படையாக எழுதாத எதுவும் உள்ளே வந்துவிடும்.

இணையத் தாக்குதல் என்ற ஒன்று பரவாத காலத்தில் எழுதப்பட்ட சொற்கள் இவை. இணையம் வந்தது, எல்லா அலுவலகங்களும் கணினிக்கு மாறின. பத்திரத்தின் சொற்கள் மட்டும் மாறவில்லை. காப்புறுதி நிறுவனங்கள் எண்ணிப் பார்க்காத, சந்தா வாங்காத ஒரு பெரும் அபாயம் சத்தமில்லாமல் அவர்கள் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 'மௌன' அபாயம் என்ற பெயர் இதனால்தான் வந்தது.

மௌனம் இரண்டு வகைப்படும். பத்திரம் இணையத்தைப் பற்றி எதுவுமே சொல்லாமல் இருப்பது ஒன்று. ஏதோ ஒரு விலக்கை எழுதியிருந்தும், அது இந்தச் சம்பவத்துக்குப் பொருந்துமா என்று தெளிவில்லாமல் இருப்பது மற்றொன்று. இரண்டிலும் விளைவு ஒன்றுதான்: இழப்பு நேர்ந்த பிறகுதான் இரு தரப்பும் உட்கார்ந்து பொருள் தேடுகின்றன.

தெளிவற்ற சொற்களுக்கு நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் ஒரு விதி உண்டு. ஒப்பந்தத்தின் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் கொள்ள முடிந்தால், அதை எழுதியவருக்குப் பாதகமான பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அது. காப்புறுதிப் பத்திரத்தை எழுதுபவர் காப்புறுதி நிறுவனம். ஆகவே, மௌனத்தின் விலையை அதிகமாகக் கொடுக்கவேண்டியவரும் அவரே.

ஆயிரத்தில் ஒன்று: இரண்டு கதைகள்

"ஒன்றிரண்டு இழப்பைக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன? காப்புறுதி நிறுவனங்கள் பெரியவைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். பதில் கணிதத்தில் இருக்கிறது.

ஓர் ஊரில் 10,000 வீடுகள். ஓர் ஆண்டில் ஒரு வீடு தீப்பிடிக்கும் வாய்ப்பு 1,000இல் 1. ஒரு வீடு எரிந்தால் இழப்பு 200,000 ரிங்கிட். ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை வீடுகள் எரியும்? 10,000ஐ 1,000ஆல் வகுத்தால் 10. மொத்த இழப்பு 2 மில்லியன் ரிங்கிட். இதை 10,000 பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 200 ரிங்கிட். இதோடு நிர்வாகச் செலவைச் சேர்த்தால் அதுவே சந்தா.

சராசரி 10 என்பதால் எல்லா ஆண்டும் சரியாகப் பத்து வீடுகள் எரியப்போவதில்லை. சில ஆண்டு 7, சில ஆண்டு 13. ஆனால் வீடுகள் ஒன்றையொன்று சாராமல் எரியும்போது, இந்த ஏற்ற இறக்கம் ஓர் எல்லைக்குள் நிற்கும். இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு: சராசரியின் வர்க்கமூலத்தை எடுங்கள். 10இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 3. அதன் இரு மடங்கு 6. ஆக, பெரும்பாலான ஆண்டுகளில் எரியும் வீடுகளின் எண்ணிக்கை 4க்கும் 16க்கும் இடையில் இருக்கும். மோசமான ஆண்டுக்கும் தயாராகக் கொஞ்சம் பணத்தைச் சேமித்து வைத்தால் போதும். காப்புறுதித் தொழிலே இந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது.

இப்போது இரண்டாவது கதை. 10,000 வழக்கறிஞர் அலுவலகங்கள். எல்லோரும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஓர் ஆண்டில் அந்த மென்பொருளின் ஓட்டை வழியாகத் தாக்குதல் நடக்கும் வாய்ப்பு 1,000இல் 1. நடந்தால் ஒவ்வோர் அலுவலகத்திற்கும் 200,000 ரிங்கிட் இழப்பு.

சராசரியைக் கணக்கிடுங்கள். அதே 10தான். சந்தாவும் அதே 200 ரிங்கிட்தான். ஆனால் நடப்பது வேறு. பல நூறு ஆண்டுகளுக்கு ஓர் அலுவலகம்கூடப் பாதிக்கப்படாது. பிறகு ஒரே நாளில் 10,000 அலுவலகங்களும் சேர்ந்து விழும். இழப்பு 2 மில்லியன் அல்ல, 2,000 மில்லியன். அது எந்த ஆண்டு என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டாகவும் இருக்கலாம்.

ஒரு வீட்டுத் தீ பக்கத்து ஊருக்குத் தாவாது. மென்பொருளில் உள்ள ஓட்டைக்கோ ஊர் எல்லை கிடையாது. அபாயங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதை இணைந்த அபாயம் என்கிறோம். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஆபத்து தெரியாது.

இணையத் தாக்குதல் இணைந்த அபாயமாக இருப்பது ஒரு சிக்கல். எத்தனை பத்திரங்களுக்குள் அது ஒளிந்திருக்கிறது என்றே தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய சிக்கல். வழக்கறிஞருக்கு ஒரு பத்திரம், கணக்காய்வாளருக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் எழுதியிருக்கலாம். எதிலும் 'இணையம்' என்ற சொல் இல்லை. ஆனால் ஒரே தாக்குதலில் எல்லாப் பத்திரங்களும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டலாம். இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதை 2017ஆம் ஆண்டு காட்டியது.

ஜூன் 27, 2017

அன்று உக்ரேனில் பல நிறுவனங்கள் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக ஒரு தீங்கு நிரல் பரவியது. அதன் பெயர் நாட்பெட்யா. கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பிணைநிரல்போல அது தோன்றியது. ஆனால் பணம் கட்டினாலும் கோப்புகளை மீட்க வழி இல்லை. அழிப்பதுதான் அதன் நோக்கம்.

உக்ரேனில் கிளை வைத்திருந்த பன்னாட்டு நிறுவனங்களின் வலையமைப்புகள் வழியாக அது சில மணி நேரத்தில் உலகம் முழுவதும் பாய்ந்தது. நம் ஜோகூரின் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்திற்கு வந்துபோகும் கப்பல்களின் உரிமையாளரான டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனம் 4,000 சேவைக் கணினிகளையும் 45,000 தனிக் கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. அதன் வலையமைப்பின் அடிப்படைத் தகவல்களைத் தாங்கிய ஒரே ஒரு பிரதி ஆப்பிரிக்காவின் கானாவில் பிழைத்திருந்தது. அங்கே அந்த நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டு, கணினி அணைந்திருந்ததுதான் காரணம்!

பாதிக்கப்பட்டோரில் டிஎல்ஏ பைப்பர் என்ற பன்னாட்டு வழக்கறிஞர் நிறுவனமும் ஒன்று. அதன் தொலைபேசிகளும் மின்னஞ்சலும் முடங்கின. வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் முடங்கினால் வாடிக்கையாளரின் காலக்கெடு தவறலாம், ஒப்பந்தம் முறியலாம். தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதியை எழுதியவர்கள் இதைக் கண்டு விழித்துக்கொண்டார்கள்.

நாட்பெட்யாவால் உலகெங்கும் ஏற்பட்ட மொத்தச் சேதம் 10 பில்லியன் அமெரிக்க டாலர் என்று வெள்ளை மாளிகை மதிப்பிட்டது. 2018 பிப்ரவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் இதன் பின்னணியில் ரஷ்ய ராணுவம் இருப்பதாகக் குற்றம் சாட்டின. ரஷ்யா மறுத்தது.

ஆறரை ஆண்டு காத்திருப்பு

அமெரிக்காவின் மெர்க் என்ற மருந்து நிறுவனத்தில் மட்டும் 40,000க்கும் மேற்பட்ட கணினிகள் பாழாயின. இழப்பு சுமார் 1.4 பில்லியன் அமெரிக்க டாலர். அது வைத்திருந்தது தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி அல்ல, சொத்துக் காப்புறுதி. ஆனால் அதுவும் 'விலக்கியவை தவிர எல்லாம் அடங்கும்' என்ற அதே இரண்டாம் வகை.

காப்புறுதி நிறுவனங்கள் பல பணம் கொடுக்க மறுத்தன. "பத்திரத்தில் போர் விலக்கு இருக்கிறது. இது ரஷ்யாவின் போர்ச்செயல்" என்றன. "நாங்கள் மருந்து தயாரிப்பவர்கள். யாருடைய போரிலும் இல்லை" என்றது மெர்க்.

நியூ ஜெர்சி நீதிமன்றம் 2021 டிசம்பரில் மெர்க்கின் பக்கம் நின்றது. போர் விலக்கின் சொற்கள் பல ஆண்டுகளாக மாற்றப்படவே இல்லை; இணையத் தாக்குதல்கள் பெருகிவருவது தெரிந்தும் காப்புறுதி நிறுவனங்கள் அதைத் திருத்தவில்லை; ஆகவே அந்த விலக்கு வழக்கமான, ஆயுதம் ஏந்திய போரையே குறிக்கும் என்று எதிர்பார்க்க மெர்க்குக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். 2023 மே மாதம் மேல்முறையீட்டிலும் அதே முடிவு வந்தது. இறுதியில் 2024 ஜனவரியில் எஞ்சிய நிறுவனங்களோடு சமரசம் ஏற்பட்டது.

தாக்குதல் 2017இல், முடிவு 2024இல். மெர்க் போன்ற பெரிய நிறுவனத்தால் ஆறரை ஆண்டு காத்திருக்க முடிந்தது. நம் மூதாட்டியால் முடியுமா? வீட்டை விற்ற பணம் கைக்கு வராமல் அவர் எங்கே குடியிருப்பார்? பத்திரத்தின் மௌனம் காப்புறுதி நிறுவனத்தின் கணக்கை மட்டும் குழப்பவில்லை. யார் மிகவும் பலவீனமானவரோ அவரைத்தான் அது அதிக நாள் காக்க வைக்கிறது.

லண்டன் எடுத்த முடிவு

பிரிட்டனில் காப்புறுதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு, இங்கிலாந்து மத்திய வங்கியின் ஒரு பிரிவுக்கு உண்டு. அந்தப் பிரிவு 2016ஆம் ஆண்டிலேயே இந்தச் சிக்கலைக் கவனித்துவிட்டது. நாட்பெட்யா தாக்கிய அடுத்த மாதமே, 2017 ஜூலையில், தன் எதிர்பார்ப்பை வெளியிட்டது. நீங்கள் வெளிப்படையாக ஏற்ற இணைய அபாயம் எவ்வளவு, மௌனமாக ஏற்ற இணைய அபாயம் எவ்வளவு என்று இரண்டையும் அளந்து பாருங்கள் என்பதே அதன் சாரம்.

அடுத்து லாய்ட்ஸ் வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்ட் லாய்ட் என்பவரின் காப்பிக் கடையில் கப்பல் உரிமையாளர்களும் வணிகர்களும் கூடிப் பேசியதிலிருந்து வளர்ந்த காப்புறுதிச் சந்தை அது. உலகெங்கும் உள்ள பெரிய, சிக்கலான அபாயங்கள் அங்கே விலை பேசப்படுகின்றன.

2019 ஜூலை 4ஆம் தேதி லாய்ட்ஸ் தன் சந்தைக்கு ஓர் உத்தரவு போட்டது. இனி ஒவ்வொரு பத்திரமும் இணைய அபாயத்தைப் பற்றித் தெளிவாகப் பேசவேண்டும். ஒன்று, "இதற்குப் பணம் தருவோம்" என்று சொல்லவேண்டும். அல்லது, "இதற்குத் தரமாட்டோம்" என்று சொல்லவேண்டும். எதையும் சொல்லாமல் இருப்பதற்கு அனுமதி இல்லை. 2020 ஜனவரி 1 முதல் சொத்துக் காப்புறுதிகளுக்கும், பிறகு 2021ஆம் ஆண்டுக்குள் படிப்படியாகப் பொறுப்புக் காப்புறுதி உள்ளிட்ட மற்ற வகைகளுக்கும் இது நடைமுறைக்கு வந்தது.

தெளிவு நல்லதுதானே? இதோடு கதை முடிந்துவிட்டதா? இல்லை.

"தரமாட்டோம்" என்றால் மூதாட்டி என்ன ஆவார்?

இரண்டு வாய்ப்பில் எது எளிது? விலக்கு எழுதுவதுதான். இணையம் தொடர்பான எந்த இழப்புக்கும் தரமாட்டோம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் காப்புறுதி நிறுவனத்தின் கவலை தீர்ந்தது. ஆனால் இன்று எந்த அலுவலக வேலை கணினி இல்லாமல் நடக்கிறது? மின்னஞ்சலை நம்பிப் பணம் அனுப்புவது இணைய இழப்பா, அல்லது பழைய காலத்துக் கவனக்குறைவா? அகலமான விலக்கு ஒன்று வந்தால், வழக்கறிஞரின் காப்புறுதியே பெயரளவுக்குத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் இங்கிலாந்தின் ஆணையம் குறுக்கே நின்றது. வாடிக்கையாளரைக் காப்பது அதன் கடமை. காப்புறுதித் துறையோ தெளிவு வேண்டும் என்றது. இரண்டு கோரிக்கையும் நியாயமானவை. தீர்வு, இழப்பைக் காரணத்தால் பிரிக்காமல் யாருடைய இழப்பு என்று பிரித்ததில் கிடைத்தது.

ஓர் இணையத் தாக்குதலில் மூன்று வகை இழப்புகள் உண்டு.

முதலாவது, வாடிக்கையாளரின் இழப்பு. மூதாட்டியின் 240,000 பவுண்டு இந்த வகை.

இரண்டாவது, அலுவலகத்தின் சொந்த இழப்பு. கணினிகளைச் சரிசெய்யும் செலவு, ஊடுருவலைத் துப்பறியும் நிபுணருக்கான கட்டணம், வேலை முடங்கிய நாள்களின் வருமானம் ஆகியவை இதில் அடங்கும்.

மூன்றாவது, அபராதம். 2020 ஆகஸ்டில் லண்டனில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தைப் பிணைநிரல் தாக்கியது. நீதிமன்ற ஆவணத் தொகுப்புகளில் 60 திருடப்பட்டு இணையத்தின் இருண்ட பகுதியில் வெளியாயின. மென்பொருள் ஓட்டைக்கான திருத்தத்தை அந்த நிறுவனம் பல மாதங்கள் தாமதமாகவே நிறுவியிருந்தது. வெளியிலிருந்து உள்நுழைவோருக்கு இரட்டைச் சரிபார்ப்பும் இல்லை. 2022இல் தகவல் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் 98,000 பவுண்டு அபராதம் விதித்தது.

2021இல் திருத்தப்பட்ட விதி இதுதான்: முதல் வகை இழப்புக்கு, காரணம் இணையத் தாக்குதலாக இருந்தாலும், வழக்கறிஞரின் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம் பணம் தரவேண்டும். அலுவலகத்தின் சொந்த இழப்பு அதில் சேராது. அதற்கு அவர் தனியாக இணையக் காப்புறுதி வாங்கிக்கொள்ளலாம். அபராதம் அவருடைய சொந்தப் பொறுப்பு.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். இந்த விதியின்கீழ் நம் மூதாட்டிக்குப் பணம் கிடைக்கும். வழக்கறிஞரின் மின்னஞ்சலைச் சுத்தம் செய்யும் செலவு காப்புறுதியிலிருந்து கிடைக்காது. யாருக்கு எது என்று இழப்பு நேர்வதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்.

இன்னும் தீராதது

தெளிவு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 2023 நவம்பரில் இங்கிலாந்தில் வழக்கறிஞர் அலுவலகங்களுக்குக் கணினிச் சேவை வழங்கும் சிடிஎஸ் என்ற ஒரே நிறுவனம் தாக்கப்பட்டது. அதை நம்பியிருந்த பல அலுவலகங்களில் வீடு கைமாறும் வேலைகள் ஒரே நேரத்தில் முடங்கின. வீடு மாறத் தயாராக இருந்த குடும்பங்கள் தவித்தன. நாம் மேலே போட்ட இரண்டாவது கணக்கு, அளவில் சிறியதாக, கண்ணெதிரே நடந்துவிட்டது.

இங்கே வருமானத்தை இழந்த அலுவலகம் தன் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதியிடம் கேட்க முடியாது. அது சொந்த இழப்பு. தனியாக இணையக் காப்புறுதி வாங்காத சிறிய அலுவலகத்திற்கு அந்தச் சுமை முழுவதும் தன் தோளில்தான். மௌனம் கலைந்தபோது, முன்பு மறைந்திருந்த இந்த இடைவெளி வெளியே தெரிந்தது. தெரிந்ததால்தான் அதை அடைக்க முடியும். தெரியாத ஓட்டைக்கு யாரும் சந்தா கட்டுவதில்லை.

நமக்கு என்ன?

காப்புறுதிப் பத்திரத்தைப் படிக்கும் வயது உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று நினைக்கலாம். ஆனால் வீட்டில் அப்பா, அம்மா கையெழுத்திடும் பத்திரங்களில் எதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது, எதெல்லாம் எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்று கேட்கும் வயது வந்துவிட்டது. "இணைய மோசடியால் இழப்பு வந்தால் இதில் சேருமா?" என்ற ஒரு கேள்வியை முகவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

வீடு வாங்கும்போது வழக்கறிஞரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வந்தால், அந்தச் செய்தியில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். உங்களிடம் முன்பே உள்ள எண்ணை அழைத்துக் குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வங்கியையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையோ அழையுங்கள். மோசடிப் பணம் கணக்குக்குக் கணக்கு தாவும் வேகத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கற்பனைக் கதையின் உதவியாளர் அந்த வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்திருந்தால், எந்தக் காப்புறுதியும் தேவைப்பட்டிருக்காது.

சொல் விளக்கம்

தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி: வழக்கறிஞர், மருத்துவர் போன்றோரின் தொழில் தவறால் வாடிக்கையாளருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யும் காப்புறுதி.

மௌன இணைய அபாயம்: தருவோம் என்றும் தரமாட்டோம் என்றும் சொல்லாத பத்திரத்திற்குள், யாரும் எண்ணிப் பார்க்காமல் அடங்கிவிட்ட இணைய இழப்பு.

விலக்கு: எந்த இழப்புக்குப் பணம் தரமாட்டோம் என்று பத்திரத்தில் எழுதும் பகுதி.

இணைந்த அபாயம்: ஒருவருக்கு இழப்பு வந்தால் மற்றவர்களுக்கும் சேர்ந்தே வரும் நிலை.

செய்து பாருங்கள்

1. 40,000 வீடுகள் உள்ள ஊரில், ஆண்டுக்கு ஒரு வீடு எரியும் வாய்ப்பு 1,000இல் 1. சராசரி எத்தனை? வர்க்கமூல முறைப்படி பெரும்பாலான ஆண்டுகளில் எண்ணிக்கை எந்த எல்லைக்குள் இருக்கும்? 10,000 வீடுகளுக்குக் கிடைத்த விடையோடு ஒப்பிடுங்கள். ஊர் பெரிதாகும்போது, சராசரியோடு ஒப்பிட ஏற்ற இறக்கம் கூடுகிறதா, குறைகிறதா?

2. உங்கள் பள்ளி விதிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதியவர் நினைத்துப் பார்த்திராத எந்தப் புதிய பொருள் அல்லது செயல் அதற்குள் நுழைந்துவிடும்? மௌனம் இல்லாத விதியாக அதைத் திருத்தி எழுதுங்கள்.